மூளையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"மூளையில் ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும்" என்று மருத்துவர் சொன்னதும், அதற்குப் பிறகு அவர் சொல்கிற எதுவும் காதில் ஏறுவதில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் வரிசைகட்டி வரும். அப்படி வருகிற கேள்விகளுக்கான பதில்கள் இவை. உங்கள் வீட்டு நோயாளிக்கு எது சரி என்பதை அவருடைய ஸ்கேனைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

நல்ல மூளையைப் போய் எதற்காக வெட்டி எடுக்க வேண்டும்?

நல்ல மூளையை யாரும் வெட்டுவதில்லை. இரண்டு காரணங்கள்தான் பெரும்பாலும்: ஒன்று கட்டி, இன்னொன்று மருந்துக்கு அடங்காத வலிப்பு. கட்டியை எடுக்கும்போது அதைச் சுற்றியுள்ள மூளைத் திசுவும் கொஞ்சம் சேர்ந்து போகும். வலிப்பில் கதை வேறு. மூளையின் ஏதோ ஒரு மூலையில் தழும்பேறிய சிறு பகுதி, தேவையில்லாத நேரத்தில் மின்பொறியைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். சரியான மருந்துகள் இரண்டைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்கிறார்கள். வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்த வகை. இவர்களில் சிலருக்கு அந்தப் பொறி கிளம்பும் இடத்தைக் கண்டுபிடித்து எடுத்துவிட முடியும். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதில் எந்தப் பயனும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆபரேஷனின்போது நோயாளி விழித்திருப்பாராமே? வலிக்காதா?

சிலருக்கு அப்படித்தான் செய்கிறார்கள். தலைத்தோலுக்கு வலி தெரியும், மூளையை மூடியிருக்கும் உறைக்கும் தெரியும். மூளைத் திசுவில் வலியை உணரும் நரம்பு முனைகள் இல்லை. அதனால் தோலையும் உறையையும் மரத்துப்போகச் செய்தால் போதும். பேச்சுக்கான இடத்தின் அருகே கத்தி வைக்க வேண்டியிருந்தால் நோயாளியைப் பேசவைத்துக்கொண்டே மெல்லிய மின்னோட்டத்தால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுப் பார்ப்பார்கள். படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்கும்போது, மின்னோட்டம் பட்ட அந்த நொடியில் அவருக்கு வார்த்தை வராமல் போனால், அந்த இடத்தைத் தொடக்கூடாது என்று பொருள். கனடாவின் மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர் இந்த முறையைச் செம்மைப்படுத்தினார். கை, கால், உதடு ஒவ்வொன்றுக்கும் மூளையில் எங்கே இடம் என்ற வரைபடம் அவரது நோயாளிகள் விழித்திருந்து சொன்ன பதில்களிலிருந்து பிறந்தது.

எவ்வளவு எடுத்தால் ஆபத்து?

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இது. பதில் சொல்ல முடியாத கேள்வியும் இதுதான். இரண்டு விரல் அளவுகூட வராத திசுவை இழந்து, வாழ்நாள் முழுவதற்கும் புது நினைவே சேராமல் போனவர் உண்டு. பாதி மூளையை இழந்து பள்ளிக்கூடம் போகிற குழந்தைகளும் உண்டு. எவ்வளவு என்று கேட்பதைவிட, எந்த இடம், எதிர்ப்பக்கத்தில் இருக்கும் அதன் ஜோடி நன்றாக இருக்கிறதா, நோயாளிக்கு என்ன வயது என்று கேளுங்கள்.

அந்த நினைவு போனவர் யார்?

ஹென்றி மொலைசன். 1926இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். 2008இல் அவர் இறக்கும்வரை மருத்துவ நூல்களில் 'எச்.எம்.' என்ற இரண்டு எழுத்துகள் மட்டும்தான் அவருக்குப் பெயர்.

பத்து வயதில் சிறு வலிப்புகள் தொடங்கின. பதினைந்தாவது பிறந்தநாளன்று முதல் பெரிய வலிப்பு. 27 வயதில், மருந்துகளை உச்ச அளவில் விழுங்கியும், வேலைக்குப் போக முடியாத நிலை. 1953இல் ஹார்ட்ஃபோர்ட் நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர், இரண்டு கண்களுக்கும் மேலே மண்டையோட்டில் வட்டமாக இரண்டு துளைகள் போட்டு, மூளையின் முன்பகுதியை மெல்ல உயர்த்தி, அதன் வழியே உள்ளே போய், நெற்றிப்பொட்டுக்கு உட்புறமாக இருக்கும் டெம்போரல் மடலின் உள்விளிம்பை இரு பக்கமும் உறிஞ்சி எடுத்தார். கடற்குதிரை போல வளைந்திருக்கும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதி அதோடு போயிற்று. பக்கத்துக்கு எட்டு சென்டிமீட்டர் எடுத்ததாக ஸ்கோவில் கணக்கிட்டிருந்தார். நாற்பது ஆண்டு கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர்தான் என்று தெரிந்தது.

வலிப்பு வெகுவாகக் குறைந்தது. அந்தக் கணக்கில் ஆபரேஷன் வெற்றி. ஆனால் கழிப்பறைக்கு வழி எது என்று மருத்துவமனையில் திரும்பத் திரும்பக் கேட்டார். தன்னைக் கவனித்துக்கொண்ட ஊழியர்களை அடையாளம் தெரியவில்லை. மாண்ட்ரியலிலிருந்து வந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் 1955 ஏப்ரலில் அவரைப் பரிசோதித்தபோது, இன்று என்ன தேதி என்று கேட்டதற்கு 1953 மார்ச் என்றார். வயது 27 என்றார். அறைக்குள் வருவதற்குச் சற்று முன் ஒரு மருத்துவரோடு பேசிக்கொண்டிருந்தவர், யாரும் தன்னிடம் பேசவில்லை என்று சாதித்தார்.

வீட்டில் நடந்ததை மில்னரும் ஸ்கோவிலும் 1957இல் எழுதிய கட்டுரை சொல்கிறது. குடும்பம் அதே தெருவில் சற்றுத் தள்ளிக் குடிபோயிருந்தது. பத்து மாதம் ஆகியும் புது விலாசம் அவருக்குத் தெரியாது. பழைய விலாசம் மனப்பாடம். நேற்றுப் புல் வெட்டிய இயந்திரம் எங்கே இருக்கிறது என்று இன்று அம்மாதான் சொல்ல வேண்டும். ஒரே பத்திரிகையை நாள்தோறும் புதிதாகப் படித்தார்.

அவர் மந்தபுத்திக்காரர் ஆகிவிட்டாரா?

இல்லை. ஆபரேஷனுக்கு முன் அவரது நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 104. இரண்டு ஆண்டு கழித்து 112. வலிப்பு குறைந்ததால் கவனம் கூடியிருக்கலாம். குறுக்கெழுத்துப் புதிர் போடுவதில் பிரியம் அதிகம். மரியாதையாகப் பேசுவார், நகைச்சுவைக்குச் சிரிப்பார்.

ஒருமுறை 584 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கால் மணி நேரம் கழித்துத் தயங்காமல் சொன்னார். எப்படி என்று கேட்டதற்கு விளக்கமும் தந்தார். எட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள், மூன்று இலக்கங்களையும் கூட்டினால் 17, எட்டைக் கழித்தால் ஒன்பது, ஒன்பதை இரண்டாகப் பிரித்தால் ஐந்தும் நான்கும், 584, சுலபம். ஒரு நிமிடம் அவர் கவனத்தை வேறு பக்கம் திருப்பினார்கள். எண் மட்டுமா போயிற்று? எண் ஒன்று கொடுக்கப்பட்டதே நினைவில்லை. கையில் தண்ணீரை ஏந்திக்கொண்டு நிற்கிறவர் விரலைப் பிரிக்காதவரை தண்ணீர் இருக்கும். ஊற்றிவைக்க அவரிடம் பாத்திரம் இல்லை.

புதிதாக எதையுமே கற்றுக்கொள்ள முடியவில்லையா?

இந்த இடத்தில்தான் அறிவியல் ஒரு பாடம் கற்றது. மில்னர் அவருக்கு ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்தார். இரட்டைக் கோடுகளாக வரைந்த நட்சத்திரம். இரண்டு கோடுகளுக்கும் நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். கையை நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்க்கலாம். நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள்: மூலை திரும்புகிற இடத்தில் கை எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டு போகும். நாளுக்குப் பத்து முறை, மூன்று நாள். நாளுக்கு நாள் பிழை குறைந்தது. மூன்றாம் நாள் கிட்டத்தட்டத் தவறில்லாமல் வரைந்தார். ஆனால் ஒவ்வொரு நாளும் இப்படி ஒன்றைச் செய்ததே இல்லை என்றுதான் சொன்னார். கடினமாக இருக்கும் என்று நினைத்தேன், நன்றாகவே வந்துவிட்டதே என்று அவருக்கே வியப்பு.

கை கற்றுக்கொண்டது, ஆளுக்குத் தெரியவில்லை. நினைவு என்பது ஒரே பெட்டி இல்லை. சைக்கிள் ஓட்டும் பழக்கம் இருப்பது ஓர் இடம், நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது இருப்பது இன்னோர் இடம். இந்தத் தெளிவு எச்.எம். கொடுத்தது.

அப்பா இறந்தது அவருக்கு நிலையாகப் பதியவில்லை. மணிபர்சில் அவரே எழுதிவைத்த இரண்டு துண்டுச் சீட்டுகள் இருந்தன. ஒன்றில் அப்பா இறந்துவிட்டார் என்று இருந்தது. மற்றொன்றில் அம்மா முதியோர் இல்லத்தில், நலமாக இருக்கிறார் என்று இருந்தது.

அந்த மருத்துவர் செய்தது குற்றமில்லையா?

இரு பக்க ஹிப்போகேம்பஸும் போனால் நினைவு போகும் என்று 1953இல் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் மொலைசனின் வலிப்பு எந்தப் பக்கத்திலிருந்து கிளம்புகிறது என்பதற்கு, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில் சான்று கிடைக்கவில்லை. அப்படியிருந்தும் இரண்டு பக்கமும் எடுக்கத் துணிந்தார். அந்த ஆபரேஷனை ஒரு பரிசோதனை என்றே ஸ்கோவில் தன் கட்டுரையில் குறிப்பிட்டார். என் பார்வையில் அது நியாயப்படுத்த முடியாத துணிச்சல். நடந்ததை மறைக்காமல் எழுதி, இனி யாரும் இதைச் செய்யாதீர்கள் என்று எச்சரித்ததையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்போதும் டெம்போரல் மடல் ஆபரேஷன் செய்கிறார்களே?

செய்கிறார்கள், ஆனால் ஒரு பக்கம் மட்டும். வலிப்புக்கான ஆபரேஷன்களில் பெரியவர்களிடம் அதிகம் நடப்பது இதுதான். ஒரு பக்க ஹிப்போகேம்பஸ் சுருங்கித் தழும்பேறி, அங்கிருந்துதான் வலிப்பு வருகிறது என்று உறுதியானால், அது ஏற்கெனவே வேலைக்கு உதவாத உறுப்பு. எதிர்ப்பக்கத்து ஜோடி பல ஆண்டுகளாக அதன் வேலையைச் சேர்த்துச் செய்துகொண்டிருக்கும்.

கனடாவில் 80 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆபரேஷன், மறுபாதிக்கு மருந்து என்று வைத்துப் பார்த்த ஆய்வு 2001இல் வெளியானது. ஓராண்டு முடிவில், நினைவு தப்பும் வலிப்பிலிருந்து விடுபட்டவர்கள் ஆபரேஷன் குழுவில் 58 சதவீதம், மருந்துக் குழுவில் 8 சதவீதம்.

எந்தப் பக்கத்தை எடுக்கலாம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

நாட்கணக்கில். தலையில் கம்பிகளோடு நோயாளியை வீடியோ கேமரா முன் படுக்கவைத்து, மருந்தைக் குறைத்து, வலிப்பு வருவதற்காகக் காத்திருப்பார்கள். பல ஆண்டுகளாக எது வரக்கூடாது என்று குடும்பம் வேண்டிக்கொண்டிருந்ததோ, அது வர வேண்டுமே என்று வேண்டிக்கொள்ளும் விசித்திரமான வாரம் அது. பிறகு எம்.ஆர்.ஐ., நினைவாற்றல் சோதனைகள்.

'வாடா சோதனை' என்று ஒன்று உண்டு. ஜுன் வாடா என்ற மருத்துவர் கண்டது. ஒரு பக்க மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் மயக்க மருந்தைச் செலுத்தி அந்தப் பாதியைச் சில நிமிடம் தூங்கவைப்பார்கள். நோயாளி இரண்டு கைகளையும் நீட்டி எண்ணிக்கொண்டே இருப்பார். திடீரென ஒரு கை தொய்ந்து விழும். தூங்குவது பேச்சுக்கான பாதி என்றால் எண்ணுவதும் அறுந்து நிற்கும். அந்தச் சில நிமிடங்களில் சில பொருள்களைக் காட்டி, மருந்து தெளிந்த பிறகு என்ன பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். விழித்திருந்த பாதியால் மட்டும் நினைவில் வைக்க முடியாவிட்டால், மற்றப் பாதியில் கை வைப்பதற்கு முன் மருத்துவர்கள் பலமுறை யோசிப்பார்கள். இன்று பல இடங்களில் இதற்குப் பதிலாக, மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் செயல்சார் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள்.

ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் பாதிப்பே இருக்காதா?

இருக்கும். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு இடப் பாதியில் இருப்பதால், இடப்பக்கம் எடுத்தால் பெயர்களும் சொற்களும் தடுமாறும். தெரிந்த ஆள்தான், பெயர் நாக்கு நுனியில் நிற்கும். பார்வைப் புலத்தில் எதிர்ப்பக்க மேல்மூலை மங்கலாம். பலர் அதை உணர்வதே இல்லை, கண் பரிசோதனையில்தான் தெரியும். சிலருக்கு முதல் சில மாதங்களில் மனச்சோர்வு வரும். இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. ஆண்டுக்கணக்கில் வலிப்பு வராமல் இருந்த பிறகு, மருத்துவர் படிப்படியாகத்தான் குறைப்பார். சிலருக்குக் குறைந்த அளவில் தொடரும்.

பாதி மூளையையே எடுத்துவிடுவார்களாமே, உண்மையா?

உண்மை. அமெரிக்காவின் வால்டர் டேண்டி 1920களில் கட்டிக்காக இதைச் செய்தார். கட்டி திரும்பி வந்ததால் நோயாளிகள் அதிக காலம் பிழைக்கவில்லை. 1950இல் ஜோகன்னஸ்பர்க்கின் ரோலண்ட் கிரைனா, ஒரு பக்கம் வாதத்தோடும் ஓயாத வலிப்போடும் இருந்த 12 நோயாளிகளுக்குப் பாதி மூளையை எடுத்த விவரத்தை வெளியிட்டதும் உலகம் திரும்பிப் பார்த்தது. பிறகு ஒரு சிக்கல் தெரிந்தது. காலியான பெரிய குழியில் ஆண்டுக்கணக்கில் ரத்தம் மெல்லக் கசிந்து சிலர் உயிரிழந்தார்கள். அதனால் இன்று பெரும்பாலும் முழுதாக எடுப்பதில்லை. கொஞ்சம் எடுத்துவிட்டு, மிச்சத்தை ரத்த ஓட்டத்தோடு அப்படியே விட்டு, அதன் இணைப்புகளை மட்டும் அறுத்துவிடுகிறார்கள். வீட்டில் ஓர் அறைக்குப் போகும் மின்கம்பியைத் துண்டிப்பது போல.

யாருக்குச் செய்கிறார்கள்? ஒரு பாதி மூளையை மட்டும் தின்றுகொண்டே போகும் ராஸ்முசென் அழற்சி, பிறவியிலேயே ஒரு பாதி கோணலாக உருவானது, கருவிலோ கைக்குழந்தையாகவோ பக்கவாதம் வந்தது. இந்தக் குழந்தைகளுக்கு நாளுக்குப் பல பத்து வலிப்புகள் வரும். கெட்ட பாதி வேலை செய்யாததோடு நல்ல பாதியையும் கற்க விடாது.

பிறகு என்ன ஆகும்? எதிர்ப்பக்கக் கையில் விரல்களின் நுண்வேலை போய்விடும். சட்டைப் பொத்தான் போட ஒரு கைதான். ஆனால் நடப்பார்கள், கொஞ்சம் சாய்ந்த நடை, சிலர் ஓடவும் செய்வார்கள். இரண்டு கண்ணிலும் பார்வையின் ஒரு பாதி போய்விடும். வலப் பாதி மூளை இல்லாத பிள்ளைக்கு இடப்பக்கம் வரும் பைக் தெரியாது. தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக்க வேண்டும். ஐந்தாறு வயதுக்குள் இடப் பாதி போனால் பேச்சு வலப் பாதிக்குக் குடிபெயரும். பெரியவர்களுக்கு அந்த இடமாற்றம் நடப்பது அரிது.

எடுத்த இடத்தில் மூளை மறுபடி வளருமா?

வளராது. அந்தக் குழியை மூளைத் தண்டுவட நீர் நிரப்பும்.

குணம் மாறிவிடுமா?

நெற்றி மடலில் கை வைத்தால் மாறலாம், அதுவும் வெளியார் கண்ணுக்குத் தெரியாத வகையில். பென்ஃபீல்ட் 1928இல் தன் சொந்தச் சகோதரிக்கே ஆபரேஷன் செய்தார். வலது நெற்றி மடலில் பெரிய கட்டி. மடலின் பெரும்பகுதியையும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்தது. பிழைத்தார், வீடு திரும்பினார். பேச்சில் குறையில்லை, அறிவிலும் குறையில்லை என்று பார்ப்பவர்கள் சொன்னார்கள்.

ஏறத்தாழ 15 மாதம் கழித்து பென்ஃபீல்ட் சகோதரி வீட்டுக்கு விருந்தாளியாக வந்தார். அவருக்கும் வீட்டில் இருந்த நான்கு பேருக்கும் எளிய இராச்சாப்பாடு. வேண்டிய பொருள் எல்லாம் சமையலறையில் தயாராக இருந்தது. வேளை வந்தபோது ஒன்றிரண்டு பாத்திரங்கள் அடுப்பில் இருந்தன. சாலட் செய்யவில்லை, இறைச்சியை ஆரம்பிக்கவே இல்லை. நடுவில் சகோதரி நெடுநேரம் தனியாகப் போராடிக் குழம்பி, மனம் நொந்து நின்றார். ஒவ்வொரு வேலையும் அவருக்குத் தெரியும். எதை முதலில், எதை அடுத்து என்று கோக்கத்தான் முடியவில்லை.

சமையல் செய்கிறவர்களுக்குப் புரியும்: குக்கரை வைத்துவிட்டு, அது விசில் அடிப்பதற்குள் காயை நறுக்கி, நடுவில் தாளிப்பை முடிப்பது எவ்வளவு பெரிய மூளைவேலை என்று. 'சோதனையில் எல்லாம் சரி' என்று அறிக்கை வந்த பிறகும், இவர் முன்புபோல இல்லையே என்று மனைவியோ மகளோ சொன்னால், அந்தச் சொல்லை மருத்துவர் தட்டிக்கழிக்கக் கூடாது.

லோபாட்டமி என்கிறார்களே, அதுவும் இதுதானா?

பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று. லோபெக்டமி என்றால் மடலை எடுப்பது. லோபாட்டமி என்றால் மனநோய்க்காக நெற்றி மடலின் இணைப்புகளை அறுப்பது. லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் 1935இல் தொடங்கிவைத்தார், 1949இல் நோபல் பரிசும் வாங்கினார். அமெரிக்காவில் வால்டர் ஃப்ரீமன் கண்குழி வழியே கூர்முனைக் கருவியைச் செலுத்தி ஆயிரக்கணக்கானோருக்குச் செய்தார். பலர் உணர்ச்சியற்ற பொம்மைகளாக மீதி வாழ்நாளைக் கழித்தார்கள். 1950களில் மனநோய் மருந்துகள் வந்த பிறகு அது படிப்படியாக ஒழிந்தது. ஸ்கோவிலும் லோபாட்டமி செய்து பழகிய கைதான். மொலைசனின் மூளைக்குள் போன வழி அங்கே பழகியது.

நாம் மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோமாமே?

பொய். அப்படியிருந்தால் அறுவை மருத்துவர்கள் இவ்வளவு பாடுபட வேண்டியதே இல்லையே!

நம் பக்கத்தில் இது எப்போது தொடங்கியது?

வேலூரில். பென்ஃபீல்டிடம் மாண்ட்ரியலில் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். 1952இல் குழந்தைப் பருவப் பக்கவாதத்தோடு வலிப்பும் இருந்த நோயாளிக்கு அங்கே ஆபரேஷன் நடந்தது. மொலைசனுக்கு முந்தைய ஆண்டு. சென்னையில் பி. ராமமூர்த்தி 1950இல் அரசு பொது மருத்துவமனையில் இத்துறையைத் தொடங்கினார். அவரும் வி. பாலசுப்பிரமணியமும் பின்னாளில், கட்டுக்கடங்காத ஆவேசம் கொண்ட நோயாளிகளுக்கு அமிக்டலா என்ற பாதாம்பருப்பு அளவுப் பகுதியை அழிக்கும் ஆபரேஷன்களைச் செய்து உலக அளவில் பேசப்பட்டார்கள். இன்றைய கண்ணோட்டத்தில் அவை சங்கடமான கேள்விகளை எழுப்புகின்றன. நோயாளி சம்மதித்தாரா, குடும்பம் சம்மதித்ததா என்பது முதல் கேள்வி. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995 முதல் வலிப்புக்கான அறுவை சிகிச்சை முறையாக நடந்துவருகிறது. தமிழ்நாட்டிலிருந்தும் நோயாளிகள் போகிறார்கள்.

மொலைசனின் மூளை இப்போது எங்கே?

2008 டிசம்பர் 2ஆம் தேதி 82 வயதில் இறந்தார். நாற்பது ஆண்டுக்கு மேல் அவரை ஆராய்ந்த சூசன் கார்க்கின் அவருக்கு ஒவ்வொரு முறையும் புது மனிதர்தான்; எங்கோ பார்த்த முகம் என்று மட்டும் சொல்வார். மொலைசனின் மூளையைக் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவுக்குக் கொண்டுபோய் உறையவைத்து, 2009 டிசம்பரில் 53 மணி நேரம் தொடர்ந்து சீவினார்கள். 2,401 சீவல்கள். இணையத்தில் நேரலையாகப் பலர் பார்த்தார்கள். ஹிப்போகேம்பஸின் பின்பகுதி இரு பக்கமும் மிஞ்சியிருந்தது. இடது நெற்றி மடலில் அதுவரை யாரும் அறியாத சிறு காயம் ஒன்றும் இருந்தது. 1953இல் கருவி உள்ளே போன வழியில் பட்டதாக இருக்கலாம்.